நடந்து போன பனைமரங்கள்

காட்டை ஒட்டிய பெரிய ஏரியில் ஆளில்லாத பரிசல் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. வட்டமான சின்னப் பரிசல். அதை விட்டுப் போன மீன்காரர் கயிற்றுச் சுருளையும் நங்கூரத்தையும் அதிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். நங்கூரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கருங்கல், அதோடு சேர்த்துக் கட்டிய கவைக் கொம்பு, அவ்வளவுதான். கயிற்றின் ஒரு முனை கல்லிலும் மறுமுனை பரிசலின் விளிம்பிலும் கட்டியிருந்தது.

சிவப்பி என்ற நீர்ப்பறவை, ஒரு தாழைக்கோழி, அதைப் பார்த்ததும் சொக்கிப்போனாள். போன வருஷம் அவள் கரையில் இருந்த கறுப்புப் பாறையின் அடியில் கூடு கட்டியிருந்தாள். ஒருநாள் உடும்பு வந்து ஆறு முட்டைகளையும் தின்றுவிட்டது. இந்தத் தடவை நடு ஏரியில்தான் முட்டையிடுவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

நங்கூரம் போட வழுக்கன் என்ற நீர்நாய் வந்தான்.

"அண்ணே, பரிசல் இம்மிகூட நகரக் கூடாது!"

"நகராது. ஆனா கயிறு முழுசையும் விடணும். அது தண்ணிக்குள்ள சாய்ஞ்சு நீளமாக் கிடந்தாத்தான் கொம்பு சேத்துல மாட்டும்."

"அவ்வளவு கயிறு எதுக்கு? கல்லு தரையைத் தொட்டாப் போதாதா? இழுத்துக் கட்டினாத்தானே ஆடாம நிக்கும்! மிச்சக் கயிறு எனக்கு மெத்தைக்கு வேணும்."

வழுக்கன் தலையைச் சொறிந்தான். முட்டையிடப் போகிறவளிடம் யார் வாய் கொடுப்பது? கல் தரையைத் தொடும் அளவுக்கு மட்டும் கயிற்றை விட்டான். குறுக்கு மூங்கிலில் ஒரு சுருக்குப் போட்டு நிறுத்தினான்.

"தண்ணி ஏறினா இந்தச் சுருக்கை இழுத்து விட்டுடு. மறந்துடாதே!" என்று சொல்லிவிட்டு நீந்திப் போனான்.

சிவப்பி மறந்துவிட்டாள். மிச்சக் கயிறு பஞ்சு மெத்தை மாதிரி சுருண்டு கிடந்தது. அதன்மேல் ஏழு முட்டைகள். முட்டைகளின்மேல் அவள். மெல்லிய காற்று. மேலே ஒரு வானம், கீழே தண்ணீரில் இன்னொரு வானம். இரண்டுக்கும் நடுவில் தன்னைத் தொங்கவிட்டிருப்பதாக அவளுக்குத் தோன்றும். பாதிக் கண் மூடியபடியே நாட்கள் போயின.

ஒருநாள் ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று ஊதாப் பூக்களோடு மிதந்து வந்து பரிசலை ஒட்டி நின்றது. அதன்மேல் ஒரு தவளை ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். தப்பட்டை என்று பெயர். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அக்கா, நீங்களும் இங்கேயே இருங்க. நானும் இங்கேயே இருக்கேன். இதைவிட சொகம் உலகத்துல உண்டா?" என்றான்.

"இல்லவே இல்லை!" என்றாள் சிவப்பி.

அந்த வாரம் தூரத்து மலையில் மழை கொட்டியது. ஏரியில் சத்தமில்லாமல் தண்ணீர் ஏறியது. கல் தரையைவிட்டுக் கிளம்பித் தண்ணீருக்குள் அந்தரத்தில் தொங்கியது. பரிசல் நகரத் தொடங்கியது. மெல்ல, மிக மெல்ல. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே தெறிக்கவில்லை.

சிவப்பி கண்ணைத் திறந்தாள். கரையில் இருந்த பனைமரங்கள் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தன!

"தப்பட்டை! மரமெல்லாம் எங்கேயோ போகுதே! நாம நகர்றோமோ?"

"நாமளா? என்னைப் பாருங்க. நேத்து உங்க இடப்பக்கம் ஒரு முழத்துல இருந்தேன். இன்னைக்கும் ஒரு முழம்தான். நகர்ந்திருந்தா எப்படி இருப்பேன்? மரங்கதான் ஏதாவது கல்யாணத்துக்குப் போகும்!"

சிவப்பி அளந்து பார்த்தாள். ஒரே முழம்தான். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு மரங்களை ஆசையாக வேடிக்கை பார்த்தாள். குட்டைப் பனை முன்னால் போனது. நெட்டைப் பனை பின்னால் தலையாட்டிக்கொண்டே போனது. மேளச்சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது. மேளமில்லை, ஏதோ மெல்லிய இரைச்சல். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுகளுக்கு யாரோ தாலாட்டுப் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், அது தாலாட்டே இல்லை.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடத் தாழ்வாக ஒரு கல்சுவர் கட்டியிருப்பார்கள். கலிங்கு என்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் பனை உயரப் பள்ளம். இரைச்சல் அங்கிருந்துதான் வந்தது. பரிசலும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

வழுக்கன் மூச்சிரைக்க நீந்தி வந்தான்.

"சிவப்பி! கலிங்குக்குப் போறே! சுருக்கை அவிழ்த்துக் கயிற்றை விடு!"

"சும்மா பயமுறுத்தாதீங்க அண்ணே. நான் நின்ன இடத்துலயேதான் இருக்கேன். தப்பட்டையைப் பாருங்க, ஒரே முழம்!"

"அவனும் உன்கூடவே மிதந்து வர்றான்! அவனைப் பார்த்தா என்ன தெரியும்? கரையைப் பார்!"

"கரையில மரமெல்லாம் கல்யாணத்துக்குப் போகுது."

வழுக்கனுக்கு அழுகையே வந்துவிட்டது. முட்டைகள் பரிசலோடு போய்விடுமே! அப்போதுதான் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"சரி, மரம் நடக்கட்டும். உன் பாறை எங்கே?"

சிவப்பி திடுக்கிட்டாள். அந்தக் கறுப்புப் பாறையை அவள் மறப்பாளா? ஆறு முட்டை ஓடுகளையும் பார்த்தபடி மூன்று நாள் அதன் அடியிலேயே கிடந்து அழுதவள் அவள். உலகத்தில் எல்லாம் போனாலும் அந்தப் பாறை மட்டும் எங்கேயும் போகாது. அவள் எழுந்து நின்று தேடினாள். எதிரிலேயே இருக்க வேண்டிய பாறை, பின்னால் வெகுதூரத்தில், கடுகு மாதிரி தெரிந்தது.

"ஐயோ! நாமதான் வந்துட்டோம்!"

கயிற்றை விட வேண்டும். ஆனால் ஏழு முட்டைகளும் அந்தக் கயிற்றின்மேல் அல்லவா இருந்தன! சுருக்கை இழுத்தால் சுருள் பாய்ந்து ஓடும். முட்டைகளும் அதோடு போகும். முதலில் அவற்றை இறக்க வேண்டும். சிவப்பி ஒன்றை அலகால் மெல்ல உருட்டினாள். இரைச்சல் நெருங்கியது. இந்த வேகத்தில் ஏழு முட்டைகளையும் இறக்க முடியாது.

"நான் கவ்வி எடுக்கட்டுமா?" என்று கேட்டான் வழுக்கன். அவன் வாய் நிறையக் கூரிய பல்.

சிவப்பி அந்தப் பல்லைப் பார்த்தாள்.

"பார்த்து, அண்ணே!" என்றாள்.

அவன் பரிசலில் ஏறி, பூவை எடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசலின் வெறும் அடித்தட்டில் வைத்தான். ஏழாவதை வைத்ததும் சிவப்பி சுருக்கின் நுனியைக் கவ்வி இழுத்தாள். கயிறு சரசரவென்று தண்ணீருக்குள் ஓடியது. கல் தரையில் விழுந்தது. கொம்பு சேற்றைக் கீறிக்கொண்டே வந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கொம்பு மாட்டிக்கொண்டது!

பரிசல் வெடுக்கென்று நின்றது. ஏழு முட்டைகளும் உருண்டன. சிவப்பி குறுக்கே பாய்ந்து படுத்தாள். ஏழும் அவள் வயிற்றில் வந்து முட்டி நின்றன. ஒன்றுகூட உடையவில்லை. சிவப்பி அப்படியே படுத்து விம்மி விம்மி அழுதாள்.

கலிங்கு பத்து முழத் தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது. பரிசல் நின்றுவிட்டது. ஆகாயத்தாமரை நிற்கவில்லை. தப்பட்டை மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

"குதிச்சுடு, தப்பட்டை!" என்று இருவரும் கத்தினார்கள்.

"நான் எதுக்குக் குதிக்கணும்? நான் இருந்த இடத்துலயேதானே இருக்கேன்!" என்றான் தப்பட்டை. "அக்கா, நீங்கதான் என்னை விட்டுட்டுப் பின்னால போறீங்க! எங்கே போறீங்க? நில்லுங்க அக்கா, நில்லுங்க!"

அப்படிக் கூவிக்கொண்டே, பூக்களோடு, கலிங்கைத் தாண்டி விழுந்தான்.

சாகவில்லை. அடுத்த ஊர் வயல் சேற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்ட நண்டுகளிடம், "நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். அந்த ஏரிதான் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு!" என்றான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பத்து நாளில் ஏழு குஞ்சுகள் பொரிந்தன. சிவப்பி தினமும் கண் விழித்ததும் முதலில் கறுப்புப் பாறையைத் தேடுவாள். அது அதே தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இரை தேடுவாள்.

"அம்மா, மரமெல்லாம் நடக்கும்னு சொன்னியே, ஒண்ணுகூட நடக்கலையே!" என்றது ஒரு குஞ்சு.

"நாம நின்னா அதுங்களும் நிக்கும், கண்ணு" என்றாள் சிவப்பி.

கூடவே மிதந்து வருகிறவரைப் பார்த்து நாம் நிலையாக இருக்கிறோம் என்று நம்பிவிடக் கூடாது. நகராத ஒன்றைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.