வெற்றிலைத் தட்டும் இரண்டு குடமும்

ஆட்டத்தில் தோற்றால் ஆடினவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்று எங்கள் பெரியப்பா ஒரு கோப்பை வழங்கும் விழாவில் பேசினார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார்; அது மறந்துபோயிற்று. அதை ஒட்டி அவர் சொன்ன கதை மட்டும் நிற்கிறது.

ஆவிடையூர் சமஸ்தானத்தை உடையநம்பித் துரை ஆண்டுகொண்டிருந்தார். அவருக்குப் படை சிறியது, சடுகுடு அணி பெரியது. மறித்துப் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வாத்தியார், பாடிப் போகிறவர்களுக்கு ஒரு வாத்தியார். எதிராளி பக்கம் யார் பாடிப் போவது, யாரைத் தொடுவது, எப்படித் திரும்பி வருவது என்பதெல்லாம் இரண்டாமவர் பொறுப்பு. அந்த வேலைக்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து இருளாண்டி என்பவரைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தார்கள். மனைவி மக்களோடு வந்தவர், கொடுத்த வீட்டின் கொல்லையில் முருங்கைக் கொம்புகூட நட்டுவிட்டார்.

நாலு ஆட்டம் நடந்தது. மூன்றில் தோல்வி.

முருங்கை துளிர்ப்பதற்குள் பிரதானி அருணாசலத்தார் சபையில் எழுந்தார். "மகாராஜா, அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மைத்துனன் சபாபதி சும்மாதான் இருக்கிறான்."

"சபாபதி எப்போதும் சும்மாதானே இருக்கிறான்" என்றார் ராஜா. ஆனாலும் தோல்வி உறுத்தியது. ஆஸ்தான விகடகவி தானப்பர் பக்கம் திரும்பினார். "ஓய் தானப்பரே, மூன்று நாள் தருகிறேன். ஆள் தேறுவானா, தேறமாட்டானா? பாதி ஆம், பாதி இல்லை என்று இழுத்தீரானால் அவனோடு நீரும் மூட்டை கட்டும்."

"உத்தரவு மகாராஜா. விசாரிக்க எனக்கு இரண்டு பேர் வேண்டும். வெற்றிலைத் தட்டுப் பிடிக்கிறவர் ஒருவர். அரண்மனைச் சமையல்காரர் ஒருவர்."

"விசாரிக்கப் போகிறீரா, விருந்துக்குப் போகிறீரா?" என்றார் பிரதானி.

"இரண்டுக்கும் ஒரே வழிதான்" என்றார் தானப்பர்.

தட்டுக்காரரைக் கேட்டதற்காவது காரணம் உண்டு. அந்த ஊரில் பாடிப் போகிறவர் முதலில் மேடைக்கு வந்து ஒரு வெற்றிலை வாங்கிக்கொண்டுதான் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாத்தா காலத்து வழக்கம். அதனால் யார் எப்போது போனார்கள் என்பது தட்டுக்காரருக்கு மனப்பாடம். சமையல்காரர் எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை.

மூன்றாம் நாள் தானப்பர் இரண்டு குடங்களோடு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, பாடிப் போகிறவர்களை நடத்தியவர் ஒருவரில்லை, இருவர்."

"நான் ஒருவனைத்தானே வைத்தேன்?"

"மற்றவர் சம்பளம் வாங்காமல் செய்கிறார்."

பிரதானியின் முகம் மலர்ந்தது. "அது சபாபதியாகத்தான் இருக்கும் மகாராஜா. பாவம், நாலு ஆட்டத்திலும் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தான்."

தானப்பர் அதை மறுக்கவில்லை. முதல் குடத்தைக் கவிழ்த்தார். ஒரு முறைக்கு ஒன்றாகப் போட்ட புளியங்கொட்டைகள் உருண்டன. "இவர் அனுப்பி ஐம்பத்திரண்டு முறை போனார்கள். தொட்டுவிட்டுத் திரும்பியது ஒன்பது முறை." இரண்டாவதைக் கவிழ்த்தார். "இவர் அனுப்பிப் பதினாலு முறை போனார்கள். தொட்டுவிட்டுத் திரும்பியது பதினோரு முறை."

ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்தார். "பிறகென்ன ஓய்? முதல் ஆளை நிறுத்தும். இரண்டாவது ஆளை வையும். இதற்கா மூன்று நாள்?"

"எழுத்தில் இருந்தால் நல்லது மகாராஜா. பிறகு யாரும் பேச்சு மாறக்கூடாது."

"நானே எழுதுகிறேன்" என்று பிரதானி ஓலையும் எழுத்தாணியும் வாங்கிக்கொண்டார். சொல்லிக்கொண்டே எழுதினார். "முதல் குடத்துக்கு உரியவர், எப்பேர்ப்பட்டவராயினும், இனி ஆட்டம் நடக்கும் நேரத்தில் களத்தின் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆட்டத்தைப் பற்றி இம்மியும் தெரியாதவர் என்பது இதனால் அறிவிக்கப்படுகிறது."

"இம்மி வேண்டாமே" என்றார் தானப்பர்.

"இருக்கட்டும் ஓய்."

ராஜா முத்திரை வைத்தார். தானப்பர் ஓலையை வாங்கி இரண்டு கைகளாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா மேடையில் இருந்தால் வெற்றிலை எடுத்துக் கொடுப்பது மகாராஜாவின் கை. இருளாண்டி வாத்தியார் ஓர் ஆளைக் காட்டுவார். மகாராஜா, மீசை நன்றாக இருப்பவருக்குக் கொடுப்பீர்கள். வெற்றிலை யாரிடமோ அவர்தானே போக வேண்டும்? அப்படிப் போனவை முதல் குடம்."

சபையில் விசிறி நின்றது.

"மகாராஜா சாப்பிட எழுந்துபோனால் தட்டுக்காரர் கொடுப்பார், வாத்தியார் காட்டின ஆளுக்கு. அவை இரண்டாவது குடம். எப்போது எழுந்தீர்கள், எப்போது கை கழுவினீர்கள் என்று சமையல்காரர் சொன்னார்."

பிரதானி எழுத்தாணியைக் கீழே வைத்தார். அதைத் தாம் எழுதவேயில்லை என்பதுபோல் சற்றுத் தள்ளியும் வைத்தார்.

ராஜா குடங்களைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஒரு ஆட்டம் ஜெயித்தோமே, அது?"

"அன்றைக்கு வஞ்சிரமீன் குழம்பு மகாராஜா. மூன்று முறை சோறு கேட்டு வாங்கினீர்கள்."

ராஜாவுக்கு முதலில் வயிறு குலுங்கியது. சிரிப்பு பிறகுதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரதானியைப் பார்த்தார்.

"இம்மி என்றா எழுதினீர்?"

பிரதானி எழுத்தாணியை இன்னும் சற்றுத் தள்ளி வைத்தார்.

ராஜா தம் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றித் தானப்பரிடம் கொடுத்தார். பிறகு சமையல்காரரை அழைத்துவரச் சொன்னார். அடுத்த ஆட்டத்திலிருந்து ஆட்டம் தொடங்கும்போதே இலை போட வேண்டும் என்றும், தினமும் வஞ்சிரமீன் இருக்க வேண்டும் என்றும், ஆட்டம் முடிகிறவரை பரிமாறுவதை நிறுத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டார்.