வெள்ளைத்தாய் வீட்டுப் பூட்டு

கதையைக் கேளுங்கள். தீர்ப்பை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

தமயந்திக்கு வெட்டவெளியில் ஒதுங்குவதென்றால் உயிரே போய்விடும். அதனால் அவள் அப்பா தவசி, "கக்கூஸ் உள்ள வீட்டுக்குத்தான் பொண்ணு" என்று கறாராகச் சொன்னார். பெண் கேட்டு வந்த கருங்காலிப்பட்டி வீரணன் வாக்குக் கொடுத்தான், இரண்டு குழி தோண்டிக் கட்டியும் முடித்தான். வேலை முடிந்த அன்று கொத்தனார் அவனைத் தனியே அழைத்து, "ஒரு குழி நெறஞ்சா மூடிட்டு மறு குழிக்குத் திருப்பி விடுப்பா. ரெண்டு வருசத்துல உள்ள இருக்கிறது வெறும் மண்ணாயிரும். நீயே வெட்டித் தோட்டத்துல போடலாம்" என்றார். வீரணன் முகத்தைச் சுளித்தான்.

கல்யாணம் நடந்தது. மறுநாளே மாமியார் வெள்ளைத்தாய் கக்கூஸைப் பூட்டிவிட்டாள்.

"குழி நெறஞ்சா எவன் அள்ளுறது? அள்ளுற சனம் இப்பல்லாம் வர்றதில்ல. நாம தொட முடியுமா?"

இதைச் சொல்லும்போது அவள் வெறுங்கையால் மாட்டுச் சாணியை அள்ளிக்கொண்டிருந்தாள். வீரணன் பக்கத்தில்தான் நின்றான். வாயே திறக்கவில்லை.

தமயந்தி இருட்டிய பிறகு கருவேலங்காட்டுக்குப் போனாள். பகலில் ஒதுங்க வழியில்லையே! அதனால் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் அப்படித்தான். நீர்க்கடுப்பு வந்தது, குளிர்காய்ச்சல் வந்தது. அப்பாவிடம் போனில் அழுதாள். "போன இடத்துல அனுசரிச்சுப் போம்மா" என்றார் தவசி.

காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே தாயும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள். அடப்பாவிகளா! துக்கம் கேட்க வந்த வெளியூர்க்காரர்களுக்காக அன்றைக்குத்தான் அந்தக் கக்கூஸ் கதவு திறந்தது.

"பூட்டுனவதான் கொன்னா!" என்று தவசி மண்ணில் புரண்டார்.

"ஊருல எல்லா வீட்டுலயும் பூட்டித்தான கெடக்கு? தண்ணி குடிக்காதன்னு நானா சொன்னேன்?" என்றாள் வெள்ளைத்தாய்.

"கட்டுறேன்னு சொன்னேன், கட்டிட்டேன்" என்றான் வீரணன்.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் பெரிய குற்றவாளி யார்?

வீரணன்தான். மகளைக் கூட்டிவராத தவசியும் பூட்டிய கிழவியும் குற்றவாளிகளே. ஆனால் குழியில் உள்ளது மண்ணாகிவிடும், யாரும் வந்து அள்ள வேண்டாம் என்பது அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் மண்வெட்டியை அவனல்லவா பிடிக்க வேண்டும்? அது நம் சாதிக்கு இழுக்கு என்று கம்மென்று இருந்துவிட்டான். அவனுக்கு இப்போது இரண்டாந்தாரமாகப் பெண் தேடுகிறார்கள். வீட்டில் கக்கூஸ் இருக்கிறதென்று தரகர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.