சுடலி வீட்டுக்கு ஒரு குடம்

அணையில் கசிவு பார்க்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர் அம்பலவாணன். கான்கிரீட் சுவருக்குள் ஓடும் சுரங்கப்பாதையில் தினமும் நடப்பார். எங்கே ஈரம், எங்கே சொட்டு, எங்கே ஒழுக்கு என்பது அவருக்கு மனப்பாடம்.

அணைக்கு வயதாகிவிட்டது. அந்த வருஷம் சுவரில் சுண்ணாம்பு கரைந்து வெள்ளை வெள்ளையாக வடிந்தது. கசிவு இரண்டு பங்கானது. அவர் மேலே எழுதிப் போட்டார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இன்னொரு பெருமழையை இது தாங்காது என்று சொல்லி மதகுகளைத் திறந்துவிட்டார்கள்.

ஏழு ஊர் குடித்த தண்ணீர் மூன்று வாரத்தில் வடிந்து போயிற்று. அணை உடையவில்லை. உடையாத அணைக்கு யார் நன்றி சொல்வார்கள்?

வாரத்துக்கு ஒருமுறை லாரியில் தண்ணீர் வந்தது. வராத வாரம் ஜனங்கள் குட்டையில் மொண்டார்கள். அதைக் குடித்து, சுடலி என்பவளின் மூன்று வயது மகள் வயிற்றுப்போக்கில் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு அம்பலவாணனுக்குச் சோறு இறங்கவில்லை. மலையடிவாரத்து மடத்தில் உலகம்மை இருந்தார். வயதில் அவருக்கு இளையவர். ஆனாலும் அம்பலவாணன் அவரைத்தான் குருவாகக் கொண்டிருந்தார். அவரிடம் போனார்.

"தாயே, கண்டதைச் சொன்னேன். ஒரு பிள்ளை போய்விட்டது. நான் சொன்னது தவறா?"

மடத்துச் சுனையில் ஒரு நாளைக்கு நாலு குடம்தான் ஊறும். உலகம்மை அதில் ஒரு குடத்தை நிறைத்து அம்பலவாணன் தோளில் ஏற்றிவிட்டு, சுடலி வீட்டில் கொடுத்து வரச் சொன்னார்.

இரண்டு மைல், நல்ல வெயில். திரும்பிவிடலாமா என்று வழியில் மூன்று தடவை நின்றார்.

சுடலி வெளியே வந்தாள். குடத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். ஏற்றுக்கொண்டாள் என்றே அவர் நினைத்தார். அவள் குடத்தைச் சாய்த்து, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் வாசலில் கொட்டினாள். பிறகு வெறுங்குடத்தை அவரிடமே நீட்டினாள்.

"எங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி."

குரல் உயரவே இல்லை. அவள் ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. கதவுக்குப் பின்னால் நின்ற இரண்டு பிள்ளைகள் நனைந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மடத்துக்குத் திரும்பியதும் நடந்ததை எல்லாம் சொன்னார்.

"நான் உங்களிடம் கேட்டதற்கும் பதில் கிடைக்கவில்லை தாயே" என்றார்.

"அந்த வீட்டில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள்?"

"அவள், புருஷன், இரண்டு பிள்ளைகள்."

உலகம்மை குடத்தை வாங்கி மறுபடி சுனையில் அமிழ்த்தினார்.

"உங்கள் கேள்விக்குப் பதில் அவளிடம்தான் இருக்கிறது. அவள் சொல்ல வருஷக்கணக்கில் ஆகலாம். சொல்லாமலே போனாலும் போகலாம். பிள்ளைகளுக்கு நாளைக்கே தாகம் எடுக்கும்."