மாமியார் காதில் விழுந்த நாவல்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள். சொல்கிற எனக்கே இந்தக் கதையில் தலை கிறுகிறுக்கிறது. கேட்டுவிட்டு நீங்களாவது தெளிந்தால் சரி.

ஈரோட்டில் ரேணுகாதேவி என்று ஒருத்தி. கணவன் ஈஸ்வரமூர்த்தி, மாமியார் பாவாயம்மாள், இவள் என்று மூன்றே பேர் உள்ள வீடு. சமையல் முடிந்த கையோடு கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஏதோ டைப்பிங் வேலை என்றுதான் வீட்டில் நினைப்பு. உண்மையில் அவள் மகிழினி என்ற புனைபெயரில் ஒரு நாவல் எழுதினாள். வெளியே சொல்ல முடியுமா? அதில் வரும் கொடுமைக்கார மாமியார் சாட்சாத் பாவாயம்மாளேதான்! அவர் வாயிலிருந்து உதிர்ந்ததையெல்லாம் அப்படியே எழுதி வைத்திருந்தாள், "மருமக வாய்க்கு ஆறுன இட்லியே அதிகம்" என்பது உட்பட.

புத்தகம் அச்சாகி வந்தது. வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒருநாள் காலை மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அவருடைய செல்போனிலிருந்து ரேணுகா எழுதிய வரிகளே கணீரென்று கேட்டன. அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"யாருங்கத்தை படிக்கிறது?"

"யூடியூப்புல ஸ்டெல்லான்னு ஒரு புள்ள. எனக்குத்தான் கண்ணு மங்கி எழுத்தே தெரியறதில்லியே, உன்ற புருசன் வெச்சுக் குடுத்தான். அடடா, என்னமாப் படிக்கறா! இதுல வர்ற மாமியாக்காரி இருக்காளே, பாதகத்தி, அப்படியே எங்க பெரிய நாத்தனாதான்!"

சிரிப்பதா, அழுவதா? ஒரு வார்த்தை கேட்காமல் எவளோ தன் நாவலை வாசிக்கிறாள். காசு கொடுத்து வாங்க ஆளில்லாத கதையை ஆயிரக்கணக்கான பேர் சும்மா கேட்கிறார்கள். ரேணுகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்று மத்தியானம் நடந்ததைக் கேளுங்கள். பாவாயம்மாள் அடுப்படி வரைக்கும் வந்து நின்றார்.

"அந்தக் கதைல மருமவ ஆறுன இட்லியத் தின்னே காலந் தள்றா கண்ணு. கேக்கவே பொறுக்கல. நீ சாப்ட்டியா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ரேணுகா உள்ளே போய்த் தேம்பித் தேம்பி அழுதாள்.

அந்த வாரமே ஒலிப்புத்தகம் போடும் நிறுவனம் ஒன்று அவளைத் தேடி வந்தது. நாவலை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம், ஆனால் இலவசமாக உலவும் பதிவு வெள்ளிக்கிழமைக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்றார்கள். அவள் எழுத்துக்கு ஒருவர் வந்து விலை பேசுவது என்பது அதற்குமுன் நடந்ததே கிடையாது. உடனே ஸ்டெல்லாவுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வந்தது.

"அக்கா, உங்க புத்தகத்தை நான் காசு குடுத்துத்தான் வாங்கினேன். வாங்கினதை வாய்விட்டு வாசிச்சா திருட்டா? கண்ணு தெரியாதவங்க எத்தனை பேர் கேட்கிறாங்க தெரியுமா? விளம்பரத்துல ஏதோ கொஞ்சம் வருது, பொய் சொல்ல மாட்டேன். இன்னும் நாலு பகுதிதான். அடுத்த வாரம் முடிச்சிட்டு எடுத்திடுறேன்."

அடுத்த வாரம்! வெள்ளிக்கிழமை காத்திருக்குமா? யூடியூப்பில் புகார் கொடுத்தால் பதிவுகள் உடனே போய்விடும். ஆனால் அவை இருந்த இடத்தில் புகார் கொடுத்தவரின் சொந்தப் பெயரை எழுதிக் காட்டுவார்கள். சும்மா இருந்தால் ஒப்பந்தம் போகும். புகார் கொடுத்தால் குட்டு உடையும், அந்த "சாப்ட்டியா"வும் அதோடு போகும். வியாழக்கிழமை அவள் வைத்த ரசத்தில் உப்பே இல்லை. வெள்ளிக்கிழமை காலை, சாமியை வேண்டிக்கொண்டு புகாரை அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் பாவாயம்மாள் மகனைக் கூப்பிட்டார். "கதை வரலியேடா, என்னன்னு பாரு."

ஈஸ்வரமூர்த்தி செல்போனை வாங்கி வாய்விட்டுப் படித்தான். "ரேணுகாதேவி ஈஸ்வரமூர்த்தி அளித்த காப்புரிமைப் புகாரால் நீக்கப்பட்டது." என்றவன் ரேணுகாவிடம் திரும்பினான். "இதென்ன, உன்ற பேராட்ட இருக்குது?"

ரேணுகா ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டாள். பாவாயம்மாள் கீழே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அது எங்க நாத்தனா இல்ல."

"இல்லீங்கத்தை."

"அந்தப் புள்ள உன்னக் கேக்காம உன்ற கதையை எடுத்துட்டான்னு புகார் குடுத்திருக்கறே. சரி. நீ யாரைக் கேட்டு என்னை எடுத்தே?"

ஈஸ்வரமூர்த்தி எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியாமல் ஓடுகிற மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கியதை ஊருக்கே வாசித்தவள் ஸ்டெல்லா. காசில்லாமல் கேட்டு மனசு இளகியவர் பாவாயம்மாள். மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் பேச்சை எடுத்து நாவலாக்கி, என் நாவலைக் கேட்காமல் எடுக்காதே என்றவள் ரேணுகா. இதில் யார் செய்தது சரி?

விடை: புகார் கொடுத்தது சரிதான். ஸ்டெல்லா வாங்கியது ஒரு புத்தகத்தை, அதை ஊருக்கு ஒலிபரப்பும் உரிமையை அல்ல. பாவாயம்மாள் விவரம் தெரியாமல் கேட்டவர், அவர்மேல் குற்றமில்லை. அடுப்படியில் திட்டிய திட்டுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதை நாவலாக்கிய உழைப்பு ரேணுகாவுடையது. சட்டம் இதோடு முடிந்தது. ஆனால் பாவாயம்மாள் கேட்டது சட்டத்தையா? அங்கேதான் எனக்கும் விளங்கமாட்டேன் என்கிறது. ரேணுகாவுக்கும் விளங்கவில்லை. அவள் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, மிச்சமிருந்த பகுதியைத் தானே மாமியாருக்கு வாசித்தாள். கதையின் முடிவில் மருமகள் அந்த மாமியாரை மன்னிப்பதில்லை. அதையும் ஒரு வரி விடாமல் வாசித்தாள். பாவாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அந்தப் புள்ள அளவுக்கு உனக்குப் படிக்க வரல."