கட்டை விரலில் பார்த்த நாடி

“என் நேர்மையில் உங்களுக்குச் சந்தேகமா, அம்மா?” என்று கேட்டார் மருதையன்.

உமையாள் கல்வத்தில் சுக்கு அரைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“செருப்பைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.”

மருதையன் குனிந்து பார்த்தார். வாசலுக்குப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

அவர் உமையாளிடம் வைத்தியம் படித்தவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். மகளிடம் பாடம் கேட்கும் அப்பா என்று ஊரில் கேலி செய்வார்கள். இருவருக்கும் அது பழகிவிட்டது.

அண்மையில்தான் மருதையனை வைத்தியர் சபையில் சேர்த்திருந்தார்கள். யார் வைத்தியம் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று சொல்வது அந்தச் சபை. வைத்தியர் மேல் புகார் வந்தால் விசாரிப்பதும் அதுதான்.

சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. விசாரணைக்கு முன்னால் மணி அடிப்பார்கள். விசாரிக்கப்படுபவரோடு ஏதாவது ஒட்டுறவு உள்ளவர், அதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே புன்னை மரத்தடிக்குப் போய்விட வேண்டும்.

மறுநாள் விசாரிக்கப்பட இருந்தவர் எலும்பு வைத்தியர் அம்பலவாணர். ஓடக்காரர் காத்தவராயனின் முறிந்த காலை அவர் கோணலாகக் கட்டிவிட்டார் என்று புகார். காத்தவராயனால் இப்போது நின்று கழி ஊன்ற முடியவில்லை.

“அம்பலவாணருக்கும் எனக்கும் உறவு கிடையாது” என்றார் மருதையன். “கொடுக்கல் வாங்கல் கிடையாது. நான் ஏன் எழுந்து போக வேண்டும்?”

“போகச் சொன்னது யார்?”

“யாரும் சொல்லவில்லை. குயிலியின் அம்மாதான், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள்.”

குயிலி மருதையனின் மகள்.

“குயிலிக்கு என்ன?”

“அவளுக்கு ஒன்றுமில்லை. முன்பு ஒரு முறை விஷக்காய்ச்சல் வந்ததே, அப்போது பிழைக்க வைத்தது அம்பலவாணர். பக்கத்திலேயே இருந்து ஒவ்வொரு சொட்டாக மருந்து புகட்டினார்.”

“நீங்களும் வைத்தியர்தானே. நீங்கள் ஏன் புகட்டவில்லை?”

“கை நடுங்கியது.”

உமையாள் அரைப்பதை நிறுத்தினார். பிறகு மறுபடியும் அரைத்தார்.

“அம்மா, அவர் நல்ல மனிதர். உரிமையைப் பிடுங்கிவிட்டால் ஒடிந்துபோவார். நானும் எழுந்து போய்விட்டால் அங்கே அவரை அறிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.”

“ஓடக்காரருக்கு எந்தக் கால்?”

“எது?”

“முறிந்தது. வலதா, இடதா?”

“அது நாளை விசாரணையில் தெரிந்துவிடும்.” மருதையன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “எனக்கு அவர்மேல் அன்பு உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் அன்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதைக் கழித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியும்.”

“கழித்துவிடுவீர்களா?”

“கழித்துவிடுவேன்.”

உமையாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வந்ததுதான் வந்தீர்கள், ஒரு நாடி பார்த்துவிட்டுப் போங்கள்.”

அந்த வீட்டில் நாடி பழகுவதற்கென்று ஒரு திரை உண்டு. யாருடைய கை என்று தெரியாமல் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கட்டியது. கூச்சப்படுகிறவர்கள் கையில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு திரைக்கு அடியில் நீட்டுவார்கள்.

உமையாள் உள்ளே போனார். ஏதோ நகரும் சத்தம் கேட்டது. திரைக்கு அடியில் பட்டுச் சுற்று ஒன்று நீண்டது.

மருதையன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல மூன்று விரல்களை நீட்டினார்.

“அப்படி வேண்டாம்” என்றார் உமையாள், திரையை விட்டு வெளியே வந்து. “கட்டை விரலால் பாருங்கள்.”

மருதையனுக்குச் சிரிப்பு வந்தது.

“முதல் நாள் பாடத்தையே மாற்றுகிறீர்களே. கட்டை விரலில் நம்முடைய துடிப்பே துடிக்கும், அதை வைத்து நாடி பார்க்காதே என்று என் கையில் அடித்துச் சொன்னது நீங்கள்தான்.”

“அன்று நீங்கள் புதியவர். இன்று உங்கள் துடிப்பு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமே. கழித்துவிட மாட்டீர்களா?”

மருதையன் மூன்று விரல்களையும் மடக்கினார். பிறகு கட்டை விரலை அழுத்தி வைத்துக் கண்ணை மூடினார்.

முற்றத்தில் ஒரு காகம் கத்திவிட்டுப் போனது.

“கிடைத்துவிட்டது. சீரான நாடிதான். இளம் வயது இல்லை.”

“ம்.”

“பித்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. சரியான தூக்கம் இல்லை. மனதில் ஏதோ பாரம்.”

“பாவம்” என்றார் உமையாள். “ஆள் எப்படி?”

“நல்லவர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்.”

“உங்கள் துடிப்பைக் கழித்துவிட்டீர்களா?”

“கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.”

உமையாள் திரையை விலக்கினார்.

அங்கே யாரும் இல்லை. ஒரு மணைப்பலகை. அதன்மேல் பட்டுத்துணி சுற்றிய வாழைத்தண்டு.

மருதையன் விரலை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். காது மடல்கள் சிவந்தன.

உமையாள் துணியைப் பிரித்து மடித்து வைத்தார். வாழைத்தண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நல்லவர்தான், ஐயா” என்றார் மெதுவாக. “அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.”

மருதையன் எழுந்து வாசலுக்குப் போனார்.

“நாளைக்கு மத்தியானம் சாப்பிட இங்கே வந்துவிடுங்கள்” என்று உமையாள் பின்னாலிருந்து சொன்னார். “உங்கள் நோயாளியைத்தான் சமைக்கப் போகிறேன்.”



மறுநாள் சபையில் மணி அடித்தது.

மருதையன் எழுந்தார்.

“என் மகளைப் பிழைக்க வைத்தவர் அம்பலவாணர்” என்றார். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. பாயைச் சுருட்டினார்.

அம்பலவாணர் வாசல் தூணருகே நின்றிருந்தார்.

“போகிறாயா, மருதையா?”

“போகிறேன்.”

“நீ ஒருத்தன் இருக்கிறாய் என்றுதான் தைரியமாக வந்தேன்.”

மருதையன் பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்பலவாணர் வேறு பக்கம் பார்த்தார். “குயிலிக்கு இருமல் என்றாயே, நின்றுவிட்டதா?” என்றார்.

“நின்றுவிட்டது.”

“சரி. மரத்துக்கு மேற்கே பாயைப் போடு. இந்தப் பக்கம் வெயில் வரும்.”

புன்னை மரத்தடியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கோல் கிடந்தது.

“உங்களைக் கூப்பிடவில்லையா?” என்று கேட்டார் மருதையன்.

“கூப்பிட்டார்கள். நான்தான் போகவில்லை.”

“ஏன்?”

“உள்ளே வைத்தியருக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறாராம். அப்புறம் நான் போய் என்ன சொல்ல?” ஓடக்காரர் காத்தவராயன் அவர் கையிலிருந்த பாயைப் பார்த்தார். “நீங்கள் யார்?”

“அந்த ஒருவர்.”

காத்தவராயன் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோலைத் தேடி எடுத்தார். எழும்போது தடுமாறினார். மருதையன் தோளைக் கொடுத்தார். சபைப் படிவரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். படியில் தோளை விட்டுவிட்டுக் காத்தவராயன் தனியாக ஏறினார்.

மருதையன் கீழே நின்று அவர் ஒரு காலை இழுத்து இழுத்து ஏறுவதைப் பார்த்தார்.



மத்தியானம் உமையாள் இரண்டு இலை போட்டிருந்தார். மருதையனோடு அம்பலவாணரும் வருவதைப் பார்த்து மூன்றாவது இலையை நறுக்கினார்.

“ஒரு வருடம் தனியாக எலும்பில் கை வைக்கக் கூடாதாம்” என்றார் அம்பலவாணர், உட்கார்ந்துகொண்டே. “உங்களிடம் மறுபடியும் கட்டுப் போடப் படிக்க வேண்டுமாம். அந்தக் காலை நானே திருத்த வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.”

“கோபமா?”

“கோபம்தான். பசியும் இருக்கிறது.”

உமையாள் சோறு போட்டார். வாழைத்தண்டு மோர்க்கூட்டை மருதையன் இலையில் கொஞ்சம் தாராளமாக வைத்தார்.

“பித்தத்துக்கு நல்லது” என்றார்.

மருதையன் தலை குனிந்து பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்.

“வலது கால், அம்மா.”