ஆதார விதை கேட்டு வந்தவர்

"ஒரு மூட்டை நெல்லு வாங்க எதுக்கு இத்தனை கேள்வி?"

கொம்பையா இதைக் கோபமாகத்தான் கேட்டார். தாமிரபரணிக் கரையில் இருந்த அந்த நெல் ஆராய்ச்சிப் பண்ணைக்குப் பஸ் மாறி வந்திருந்தார். வெயில் ஏறிவிட்டது.

அவருக்கு முன்னால் நின்ற ஆவுடைச்செல்விக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பண்ணையில் நெல் ரகங்களைப் பார்த்துக்கொள்ளும் விஞ்ஞானி. முழங்கால் வரை சேறு. காலில் செருப்பு இல்லை.

"உங்களுக்கு எதுக்கு ஆதார விதை, அண்ணாச்சி? சாப்பாட்டுக்கு நெல்லு போடணும்னா சாதாரண விதையே போதுமே."

"சாப்பாட்டுக்கு இல்ல மேடம். விதைக்கு. ஊருக்கே விதை குடுக்கணும்."

போன பிசானப் பருவத்தில் நடந்ததைச் சொன்னார். ஒரு வியாபாரி கொண்டுவந்த விதையை ஊரே வாங்கி நட்டது. பயிர் பச்சைப் பசேலென்றுதான் வந்தது. கதிர் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரே வயலில் பாதி பழுத்தது, பாதி பாலில் நின்றது. பழுத்ததை அறுக்க முடியவில்லை. பாலில் நின்றது முற்றும்வரை காத்திருந்தார்கள். அதற்குள் பழுத்தது எல்லாம் சேற்றில் உதிர்ந்துவிட்டது.

"அதுக்கப்புறம் ஊர்க்கூட்டத்துல நான் எந்திரிச்சு நின்னேன். அடுத்த வெள்ளாமைக்கு விதை நான் தாரேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் சொன்னீங்க?"

"யாரும் பேசாம இருந்தாங்க. அதான் சொல்லிட்டேன்."

ஆவுடைச்செல்வி அவரை ஒருமுறை பார்த்தார்.

"உங்க வயல்ல கடைசியா என்ன நின்னுச்சு?"

"அந்தக் கலந்த நெல்லுதான். அறுத்தாச்சு. இப்ப வெறும் வயலாக் கெடக்கு."

"அப்ப இன்னைக்கு உங்களுக்கு விதை இல்ல."

கொம்பையாவின் முகம் மாறியது.

"வயலுக்குத் தண்ணி விடுங்க. ஒண்ணும் விதைக்காதீங்க. பார்த்துட்டு வாங்க."

"என்னத்தைப் பார்க்க?"

ஆவுடைச்செல்வி ஏற்கெனவே வரப்பில் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

*

கொம்பையா வீட்டுக்கு வந்து மனைவி பேச்சித்தாயிடம் சொன்னார்.

"வெறும் வயலுக்குத் தண்ணி விடணுமாம்."

"எதுக்கு?"

"தெரியல. ஒண்ணும் விதைக்கக் கூடாதாம்."

பேச்சித்தாய் சிரித்தாள். "விட்டுத்தான் பாருங்களேன். தண்ணிதானே."

மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் விட்டார். அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. வீம்புதான்.

ஒரு நாள் காலையில் பேச்சித்தாய்தான் வயலில் இருந்து வேகமாக வந்தாள்.

"நீங்க விதைச்சீங்களா?"

"இல்லையே."

"அப்ப வந்து பாருங்க."

வயல் முழுக்கப் பச்சையாக இருந்தது.

யாரும் விதைக்காத நெல். சேற்றில் உதிர்ந்து, வெடிப்பில் விழுந்து, கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த நெல் எல்லாம் எழுந்து நின்றது. மேற்கு மூலையில் அடர்த்தியாக, நடுவில் திட்டுத் திட்டாக. போன வெள்ளாமை எங்கெங்கே உதிர்ந்ததோ அங்கெல்லாம் நின்றது.

கொம்பையா வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

இதன் மேல்தான் புது விதையை நட இருந்தார். நட்டிருந்தால் எது புதுசு, எது பழசு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

உழுது மடக்கினார். மறுபடியும் தண்ணீர் விட்டார். மறுபடியும் வந்தது, கொஞ்சமாக. அதையும் மடக்கினார். மண் ஒன்றும் முளைக்காமல் சும்மா கிடந்த பிறகுதான் பஸ் ஏறினார்.

*

"பார்த்தீங்களா?" என்றார் ஆவுடைச்செல்வி.

"பார்த்தேன்."

"வாங்க."

பண்ணையின் உள்ளே ஒரு வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொம்பையா வரப்பிலேயே செருப்பைக் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

அப்படி ஒரு வயலை அவர் பார்த்ததில்லை. பயிர் வரிசை வரிசையாக நின்றது. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஆள் நடக்க இடம். எல்லாப் பயிரும் ஒரே உயரம். ஒரே நேரத்தில் கதிர் வெளியே வந்திருந்தது. காற்று வந்தபோது வயல் மொத்தமும் ஒரே மாதிரி சாய்ந்து, ஒரே மாதிரி நிமிர்ந்தது.

"இந்த ஒரு வரிசை போன வருஷம் ஒரே ஒரு கதிர்" என்றார் ஆவுடைச்செல்வி. "அந்த வரிசை இன்னொரு கதிர். ஒவ்வொரு வரிசையும் ஒரு கதிரோட புள்ளைங்க."

நடந்தார்கள். பாதியில் ஆவுடைச்செல்வி நின்றார்.

"இந்த வரிசையில எது சரியில்லைன்னு சொல்லுங்க."

கொம்பையா பார்த்தார். குனிந்து பார்த்தார். திரும்பி நடந்து மறுபடியும் பார்த்தார். சின்ன வயதில் இருந்து நெல் பார்த்த கண். ஒன்றும் தெரியவில்லை.

ஆவுடைச்செல்வி ஒரு பயிரின் மேல் இலையைத் தொட்டார். மற்ற பயிரில் எல்லாம் அந்த இலை மேலே பார்த்து நிமிர்ந்து நின்றது. இதில் லேசாகச் சாய்ந்திருந்தது.

"ஆமா" என்றார் கொம்பையா. "பிடுங்கிரட்டுமா?"

"பிடுங்கணும்."

கொம்பையா அந்தப் பயிரைப் பிடித்தார். ஆவுடைச்செல்வி அடுத்த பயிரைப் பிடித்து வேரோடு இழுத்தார். பிறகு அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. வரிசை முழுவதும்.

"மேடம், மத்ததெல்லாம் நல்லாத்தானே நிக்கி?"

"எல்லாம் ஒரே கதிர்ல பிறந்ததுங்க, அண்ணாச்சி. ஒண்ணுல இருக்கது மத்ததுல ஒளிஞ்சிருக்கும்."

கடைசிப் பயிர்வரை பிடுங்கி முடித்தபோது அந்த இடம் வயலில் ஒரு பாதை போலக் கிடந்தது. பிடுங்கிய பயிரை ஒரு பெண் அள்ளி மாட்டுக்குக் கொண்டு போனாள்.

"மிஞ்சுத வரிசைகளை எல்லாம் சேர்த்து அறுத்தா அதுல இருந்து வல்லுநர் விதை. வல்லுநர் விதையைப் போட்டு எடுத்தா ஆதார விதை. அதைத்தான் நீங்க வாங்கப் போறீங்க. அதை நட்டு நீங்க எடுக்கப் போறது சான்று விதை. உங்க ஊருக்காரங்க நடப் போறது அது."

"எத்தனை வருஷமா இப்படிப் பிடுங்குதீங்க?"

"நான் வேலைக்கு வந்ததுல இருந்து நான். எனக்கு முன்னாடி ஒரு சார். அவருக்கு முன்னாடி இன்னொருத்தர். அவரை நான் பார்த்ததில்ல."

"அப்ப இந்த நெல்லு..."

"நான் பிறக்கதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு."

கொம்பையா அந்த வயலைப் பார்த்துக்கொண்டே நின்றார். நெல் தானாகத்தான் நெல்லாக இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவர் வெயிலில் குனிந்து நின்றிருக்கிறார். ஒரு வருஷம் அவர் நிமிர்ந்துவிட்டால் போதும், நெல் கலந்துவிடும்.

அவருக்குக் கை கூப்ப வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கூப்புவது என்று தெரியவில்லை.

"இப்பக் கேளுங்க" என்றார் ஆவுடைச்செல்வி.

"என்ன கேட்கணும்?"

"விதை கேட்டுத்தானே வந்தீங்க?"

*

விற்பனை அறையில் மூட்டை தயாராக இருந்தது. ஆவுடைச்செல்வி கூடவே வந்தார்.

"தையலைப் பாருங்க. பிரிச்சுத் தைச்ச மாதிரி இருந்தா வாங்கக் கூடாது. சீல் உடையாம இருக்கணும். இது வெள்ளை அட்டை. ஆதார விதைன்னா வெள்ளைதான். ரகம், குவியல் எண், எந்தத் தேதி வரைக்கும் செல்லும், எல்லாம் இதுல இருக்கும். நீங்க விளைய வச்சுக் குடுக்குத விதைக்கு நீல அட்டை வரும்."

"சரி."

"மூட்டையைப் பிரிக்கும்போது அட்டை கிழியாம பிரிங்க. ரசீது, அட்டை, காலிச் சாக்கு, ஒண்ணையும் தூக்கிப் போட்டுராதீங்க. விதைச் சான்று ஆபீசுல வயலைப் பதிஞ்ச பிறகு ஆபீசர் வந்து அதைத்தான் கேட்பார்."

"நெல்லைப் பார்க்க மாட்டாரா?"

"பார்ப்பார். ஆனா எங்க இருந்து வந்தேன்னு நெல்லு சொல்லாது."

கொம்பையா மூட்டையைத் தோளில் தூக்கினார். ஊரில் எத்தனையோ மூட்டை தூக்கியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை மெதுவாக நடந்தார்.

*

பக்கத்து நெல் வந்து கலக்காமல் இருக்க, அந்த வயலுக்கும் தன் பயிருக்கும் நடுவில் இடம் விட்டு நட்டார். ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இடம் வீணாகிறது என்று ஒருவர் சொன்னார். கொம்பையா நட்டுக்கொண்டே போனார்.

பயிர் பூக்கத் தொடங்கியதும் தினமும் காலையில் வயலில் இறங்கினார். கலவனைத் தேடிப் பிடுங்குவதுதான் வேலை. கலவன் என்றால் ரகத்தோடு சேராத பயிர். உயரமாக நிற்பது, முந்திப் பூப்பது, நிறம் மாறி இருப்பது. முதலில் ஒன்றும் கண்ணில் படவில்லை. பிறகு பட்டது. கொஞ்ச நாளில், வரப்பில் நின்றாலே வயலுக்குள் எங்கே ஒரு பயிர் மாறி நிற்கிறது என்று தெரிந்தது. இரக்கப்படாமல் பிடுங்கினார்.

ஆபீசர் வயல் பார்க்க வருவதற்கு முந்தின நாள், நடுவயலில் அதைப் பார்த்தார்.

மற்றதைவிட ஒரு சாண் உயரம். தண்டு விரல் மாதிரி இருந்தது. தூர் மற்றதைப் போல ஒன்றரை மடங்கு. கதிர் நீண்டு, கிளை கிளையாகப் பிரிந்து இறங்கியது. சுற்றி நின்ற பயிரில் எல்லாம் இலைப்புள்ளி நோய் லேசாக இருந்தது. இதில் ஒரு புள்ளி இல்லை.

அவர் கையை நீட்டினார். கை அங்கேயே நின்றது.

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நெல்லை அவர் பார்த்ததில்லை.

பேச்சித்தாய் வரப்பில் இருந்து கூப்பிட்டாள். "என்ன பாம்பா?"

"இல்ல. நெல்லு."

அவள் இறங்கி வந்து பார்த்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். பிறகு, "ஆனா நாளைக்கு ஆபீசர் வாரார்லா. பிடுங்கிருங்க."

"பிடுங்கத்தான் வேணும்."

கொம்பையா மண்வெட்டி எடுத்து வரச் சொன்னார். பயிரைச் சுற்றி ஆழமாக வெட்டினார். வேரில் இருந்த சேறு உதிராமல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, ஒரு பழைய வாளியில் வைத்து, வீட்டுக்குக் கொண்டு போனார்.

மறுநாள் ஆபீசர் வந்தார். அட்டையைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார். வயலுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடுவயலில் பள்ளமாக இருந்த இடத்தில் நின்றார்.

"இங்க என்ன?"

"கலவன் சார். எடுத்துட்டேன்."

"வயல் சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்கு விதை உண்டு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கொம்பையா வீட்டில் இல்லை.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் வாளி. வாளியில் பயிர். கதிர் முகத்தில் உரசியது. பஸ் குலுங்கும்போதெல்லாம் வேரில் இருந்த சேறு சட்டையில் தெறித்தது.

கண்டக்டர் நின்று பார்த்தார்.

"நெல்லா அண்ணாச்சி? ஊர் முழுக்க வயல்ல நிக்குதே. இதை எங்க கொண்டு போறீங்க?"

"கேட்க."

"யார்கிட்ட?"

கொம்பையா வாளியை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டார்.

*

ஆவுடைச்செல்வி வயலில்தான் இருந்தார். வாளியைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கரைக்கு வந்து குத்த வைத்து உட்கார்ந்தார்.

தண்டைத் தடவினார். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். கதிரை உள்ளங்கையில் ஏந்தினார்.

"எங்க நின்னுச்சு?"

"நடுவயல்ல. நீங்க சொன்ன மாதிரி எல்லாக் கலவனையும் பிடுங்கினேன் மேடம். இதை மட்டும் பிடுங்க முடியல. நான் செஞ்சது தப்பா?"

"உங்க வயல்ல இது நின்னா தப்பு. எடுத்துட்டீங்கல்லா."

ஆவுடைச்செல்வி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கொம்பையா பின்னால் போனார்.

பண்ணையின் ஓரத்தில் தண்ணீர் கட்டிய ஒரு சின்னப் பாத்தி காலியாகக் கிடந்தது. அதன் நடுவில் ஆவுடைச்செல்வி கையாலேயே குழி எடுத்தார். வாளியைச் சாய்த்து, சேறு குலையாமல் பயிரை இறக்கி, சுற்றி மண்ணை அமுக்கினார். வேறு பயிர் எதுவும் இல்லாத இடத்தில் அது தனியாக நின்றது.

"இது என்ன ரகம் மேடம்?"

"பேரு இல்ல."

"நல்லா வருமா?"

"தெரியாது. பெரும்பாலும் வராது. அடுத்த வருஷம் இதோட புள்ளைங்க ஆளுக்கொரு மாதிரி வரும். வரிசை வரிசையா நட்டுப் பார்க்கணும். சரியில்லாததைப் பிடுங்கணும். மறுபடியும் நடணும். ஒண்ணுமே மிஞ்சாமலும் போகலாம்."

காற்று வந்தது. பயிர் அசைந்தது.

கொம்பையா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ ஒன்று பிடிபடுவது போலவும், பிடிபடாதது போலவும் இருந்தது.

"மேடம், என் மூட்டையில குடுத்தீங்களே ஒரு நெல்லு. அது மொதமொதல்ல எங்க இருந்து வந்துச்சு?"

"உங்களை மாதிரி ஒரு சம்சாரி வயல்ல இருந்து."

"அவர் அதைத் தேடிப் போனாரா?"

"இல்ல. கலவன் பிடுங்கப் போனார்."

கொம்பையா ஆவுடைச்செல்வி பக்கம் திரும்பினார்.

"பிடுங்கப் போயி என்ன செஞ்சார்?"

ஆவுடைச்செல்வி கொம்பையாவின் சட்டை முழுக்கக் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார்.