ஏற்றம் தெரியாத மலைப்பாதை

ஏரிக்கரைக் காட்டில் ஒரு நட்சத்திர ஆமை இருந்தது. பாவம், அதற்கு நீந்தத் தெரியாது. படி ஏற வராது. சரிவில் கால் வைத்தாலோ சறுக்கி மல்லாந்துவிடும்! போன மழையில் ஏரி உடைந்து அதன் தங்கையை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இந்த மழைக்குள் மலை உச்சிக்குப் போய்ச் சேராவிட்டால் தனக்கும் அதே கதிதான் என்று ஆமை தவித்தது.

கரையான்கள் மனமிரங்கி மலையைச் சுற்றி ஒரு மண்பாதை போட்டன. அந்தக் காட்டில் புதுப்பாதை போட்டால் நரியார் வந்து சோதிப்பார். விளாம்பழத்தைத் தரையில் வைப்பார். உருண்டால் ஏற்றம், உருளாவிட்டால் சமதரை. அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு!

நூறு இடத்தில் வைத்தார். பழம் அசையவே இல்லை.

"அட மோசக்காரப் பயல்களா! எங்கே வைத்தாலும் சமதரை. இது எப்படியடா மலை ஏறும்?"

"ஏறும் சாமி!" என்றது மூத்த கரையான். "கீழே ஒரு சமதரை, மேலே ஒரு சமதரை; இரண்டுக்கும் நடுவே, நடு உயரத்தில் ஒரு குட்டிச் சமதரை. மிச்ச இடுக்கில் அதைவிடக் குட்டி. இப்படியே போட்டுக்கொண்டு போனோம். பாதை எங்கேயும் அறுபடவில்லை, எங்கேயும் படி இல்லை!"

"அப்போது உயரம் எங்கே?"

"அந்த இடுக்குகளில்தான்! உங்கள் பழம் அங்கே நுழையாது."

"யாருக்குக் காது குத்துகிறாய்? பாதை செல்லாது!"

ஆமை முன்னே நகர்ந்து வந்தது. "நரியாரே, கொஞ்சம் நடந்து பார்த்தீரா?"

"நடப்பானேன்? அதுதான் பழம் சொல்லிவிட்டதே!"

'சமதரை என்றால் எனக்கு நல்லதுதானே!' என்று ஆமை நடக்கத் தொடங்கியது. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. ஏறுவதாகவே தெரியவில்லை. நரியார் சொன்னதுதான் சரியோ என்று அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் நடந்தது. மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தால், பனைமரத்து உச்சியெல்லாம் கீழே தெரிந்தது!

அன்றே மழை கொட்டியது. ஏரி உடைந்தது. அடிவாரத்தில் நரியார் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்.

"நரியாரே! பாதையைப் பிடித்து ஓடி வாரும்!" என்று ஆமை கத்தியது.

"ஏறாத பாதையில் எப்படி ஏறுவதாம்? அங்கேயும் இதே தண்ணீர்தானே இருக்கும்!" என்றார் நரியார், விறைப்பாக.

அடுத்த அலை அவரைத் தூக்கிக் கருவேல மரத்தில் எறிந்தது. வெள்ளம் வடியும்வரை முள்ளின்மேல் உட்கார்ந்து ஊளையிட்டார். ஆமையோ உச்சியில் புல் மேய்ந்தது.

நின்று பார்த்த இடத்திலெல்லாம் உயர்வு தெரியவில்லை என்று பாதையைப் பழித்தவன் அடிவாரத்திலேயே நிற்பான். விடாமல் நடந்தவனே உச்சியைக் காண்பான்.